மயிலம்மாள் கழுவாத தொட்டி

எங்கள் கிணற்றில் மூளையைத் தின்கிற பூச்சி இருக்கிறது என்று ஊரெல்லாம் பேசியதற்கு நர்மதாதான் காரணம். அந்த ஆத்திரம் எனக்குப் பல வருஷமாக உண்டு. கோடையில் மல்லசமுத்திரத்துப் பையன்கள் குதிக்க வருகிற கிணறு. அதோடு ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை.

நர்மதா ராசிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே வளர்ந்ததால் பக்கத்தில் நிற்பவரிடமும் கூவித்தான் பேசும். சேலத்தில் ஒரு கல்லூரியில் அமீபா ஆராய்ச்சி. பல வருஷத்துக்கு முன் அதற்காக எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “ஆளைக் கொல்ற அமீபாவோட பங்காளிங்கண்ணா இது. ஆனா சாது” என்றது. ஊர் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டது.

போன பங்குனியில் ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் மறுபடி வந்தது. வளர்த்து வைத்திருந்த எங்கள் அமீபா கரண்ட் போய்ச் செத்துவிட்டதாம். மின்னுகிற ஜீன் ஒன்றை அமீபாவுக்குள் ஏற்றிக் காட்டாவிட்டால் மே மாதத்தோடு வேலை போய்விடுமாம்.

“வெளியூருதுக எதுவும் ஏத்துக்கலீங்கண்ணா. இங்கத்ததுதான் கொஞ்சம் பிடி குடுத்துச்சு.”

“ஏத்தி என்ன அம்மிணி பண்ணுவ?”

“லாரியில ஒவ்வொரு ஃபியூஸாப் பிடுங்கி எந்த லைட் அணையுதுன்னு பார்ப்பீங்கல்ல? அதேதான். சாதுகிட்டப் பழகிக்கிட்டா, அப்பறம் கொல்றதுல எந்த ஜீன் சேட்டை பண்ணுதுன்னு பார்த்துப்போடலாம்.”

லாரி ஓட்டிய எனக்கு அது புரிந்தது.

கிணற்றடிக்குப் போனோம். பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்தது. என் மனைவி மயிலம்மாள் பெருமையாக நின்றாள்.

“டெஸ்ட் பண்ண வாரீங்கன்னு போன்ல சொன்னீங்கல்லோ, ஒரு மூட்டை கொட்டீட்டனுங்க. இனி ஒரு பூச்சி இருக்காது!”

நர்மதா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எருமைத் தொட்டி கண்ணில் பட்டது. பவுடர் கொட்டுவதற்கு முன் என்றைக்கோ நிரப்பிய கிணற்றுத் தண்ணீர், வெயிலில் சூடேறி, ஓரமெல்லாம் பாசி.

“ஐயோ, அதப் பார்க்காதீங்க அம்மிணி, மானம் போவுது!” மயிலம்மாள் குறுக்கே நின்றாள்.

“நகருங்கக்கா, என் உசுரே அதுலதான் இருக்குது!” என்று கூவிக்கொண்டே பாசியைச் சுரண்டி பாட்டிலில் அடைத்தது. எருமை நர்மதாவின் கையை நக்கியது.

சித்திரைக் கடைசியில் போன். காது கிழிந்தது. “பச்சையா மின்னுதுங்கண்ணா! பிரிஞ்சு பிரிஞ்சு குட்டி போட்டும் அணையல!”

வேலை நிலைத்தது. அந்த அமீபாவுக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறது. படத்தை டீக்கடையில் காட்டினேன், சாது என்பதை முதலில் சொல்லிவிட்டு. பையன்கள் இப்போது, பூச்சி மூக்கு வழியாகத்தான் ஏறும் என்று, எதற்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு குதிக்கிறார்கள்.

நேற்றும் நர்மதா போனில் பேசியது. வைக்கும்போது, அதிசயமாகக் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டது:

“எப்படியாச்சும் அக்காவ அந்தத் தொட்டியக் கழுவ உடாமப் பார்த்துக்கோங்கண்ணா.”