சிவப்புத் தலைப்பாகைச் சிப்பாய்

இன்று கடத்தூர் பஸ்ஸில் ஒரு போலீஸ்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தூரிகைப் பையைக் காலுக்கடியில் தள்ளினேன்.

மாதா கோயில் சுவரில் சிலுவைப் பாதை வரைகிறேன். ரோமாபுரிச் சிப்பாயை நான் எங்கே கண்டேன்? சேசுநாதரை அடிப்பவனுக்குச் சிவப்புத் தலைப்பாகையும் காக்கி அரைக்கால் சட்டையும் போட்டுவிட்டேன். இங்கே சுயராஜ்யம் கேட்டு ஊர்வலம் போகிறவர்களை அடிக்கும் போலீஸுக்கும் அதே உடுப்புதான்.

“கோயில் படம் எழுதறது நீதானா?”

“ஆமாங்க. இன்னைக்கே அழிச்சிடறேனுங்க.”

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்: “அடிக்கறவன எழுதிட்ட. அடிக்கச் சொன்னவர எங்கய்யா காணோம்?”

சேசுநாதருக்குத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து துரையின் படம்தான் பாக்கி. அவருக்கு என்ன உடுப்பு போடலாம்? தைரியசாலிகள் யாராவது சொல்லுங்கள்.