சுவர் வழியாக ஒரு ஹாக்கி மேட்ச்

எனக்குப் பொறுமை கிடையாது. தினமும் தங்க வயலிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிறேன், சிக்னலில் வண்டி நின்றால் எழுந்து நின்றுகொள்வேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்காக நம் ஹாக்கி அணி ஜெர்மனியோடு ஆடிய காலையில் லீவு போட்டுவிட்டு வீட்டில் தவித்தேன். ஆட்டம் பாதிக் காரணம். மீதி அப்பாவின் மூச்சு.

தங்கச் சுரங்கத்தில் விழுங்கிய கல்தூசி அவர் நுரையீரலில் குடியேறிவிட்டது. படபடப்பே கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். அப்பாவோ சுரங்க அணிக்கு ஹாக்கி ஆடியவர். சாதாரண மேட்ச் பார்த்தாலே உட்கார்ந்த இடத்தில் ஓடுவார்.

அதனால் பொய் சொன்னேன். "கேபிள் வரல நைனா."

பக்கத்து வீட்டு மாமாவிடமும் முதல் நாளே சொல்லிவைத்தேன். எங்களுடையது லைன் வீடு, நடுவில் ஒரே சுவர். அவர் டிவி போட்டால் நாங்கள் செய்தி கேட்கலாம். "சவுண்டே வராதும்மா, போ நீ" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், படுபாவி.

நான் சமையலறையில் போனைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தேன். வெங்காயத்தை எடுத்தேன், வைத்தேன். அப்பாவை எட்டிப்பார்க்கப் போய்ப் பாதியில் திரும்பினேன். ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியபோது அழுகையே வந்தது. பக்கத்து வீட்டில் வேறு எதையோ இடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றுக்கு மூன்று ஆனபோதுதான் உறைத்தது. முதலில் சுவரில் சத்தம் கேட்கிறது, பிறகுதான் என் போனில் கோல் விழுகிறது. நம் கோலுக்கு மூன்று தட்டு, அவர்கள் கோலுக்கு இரண்டு. ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கத்திலிருந்து அதே எண்ணிக்கையில் பதில் போகிறது.

மாமா சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாயில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்தவர். ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் ஏறுகிறது. அடித்த மணி அப்படியே திரும்பி வந்தால்தான் கேஜ் அசையும். வருடக்கணக்காக அந்த மணிக்கு இறங்கி ஏறியவர் அப்பா.

போய்ப் பார்த்தால், கட்டிலில் சுவரை ஒட்டி உட்கார்ந்து, மூச்சுக்கு வைத்திருந்த இன்ஹேலராலேயே தட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னா நைனா இது? உசுரு முக்கியமா, மேட்ச் முக்கியமா?"

"கம்முனு இரும்மா. மணி கேக்கல."

கையிலிருந்த போனை அப்போதே அவர் மடியில் வைத்திருக்கலாம். கோபத்தில் வைக்கவில்லை. அதற்காக இன்றும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

ஐந்துக்கு நான்கு என்று முன்னேறியிருந்தோம். கடைசி ஆறு விநாடி இருக்கும்போது ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். "அவங்களுக்கு கார்னர் நைனா!" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். போனில் அவர்கள் இன்னும் பந்தை அடிக்கவில்லை, அதற்குள் சுவரில் ஒரே ஒரு தட்டு. நம்மவர்கள் தடுத்து நிறுத்திவிட்டார்கள்.

அப்பா பதில் தட்டவில்லை. வாய் திறந்திருந்தது. ஏறிய நெஞ்சு இறங்கவில்லை. சுவரில் மறுபடி ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இன்ஹேலரைப் பிடுங்கி அவர் வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினேன். எவ்வளவு நேரமோ தெரியாது, மெல்ல மூச்சு வந்தது. உடனே என் கையிலிருந்து அதை வாங்கிச் சுவரில் ஒன்று தட்டினார். அந்தப் பக்கம் மாமா வாய்விட்டு அழுவது கேட்டது.

அடுத்த ஒலிம்பிக்குக்குள் அப்பா போய்விட்டார். பாரிசிலும் நமக்கு வெண்கலத்துக்கான ஆட்டம்தான். அன்று மாலை டிவி போட மனம் வராமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அப்பாவின் அறைச் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. ஸ்பெயின் முதல் கோல் போட்டிருக்க வேண்டும். மாமா பழக்கத்தில் தட்டிவிட்டார் போலிருக்கிறது. சட்டென்று அந்தப் பக்கம் அடங்கிவிட்டது.

அலமாரியைத் துழாவிக் காலி இன்ஹேலரை எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து இரண்டு தட்டினேன்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு மூன்று வந்தது. நானும் மூன்று தட்டினேன்.