ரட்டர் எந்தப் பக்கம் திரும்பியது

கூரியரில் வந்த பொம்மை விமானத்தைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாளாக அல்லாடுகிறேன். இந்த வயதில் இது தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று. இறக்கை மாட்டிவிட்டேன், மோட்டார் சுற்றுகிறது. வாலில் செங்குத்தாக நிற்கும் ரட்டர்தான் அடங்க மாட்டேன் என்கிறது. ரிமோட்டின் குச்சியை விட்டதும் நடுவுக்கு வர வேண்டிய பலகை, கோபித்துக்கொண்ட பெண்டாட்டி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. நேற்று ஸ்க்ரூடிரைவரை வீசி எறிந்தேன். வெளியே சாரல். எறிந்ததை எடுக்கக் குனிந்தபோது, பிடிவாதமாக ஒட்டும் அந்தப் பசையின் கண் கரிக்கும் வாடை மூக்கில் ஏறியது. மெர்சி ஞாபகம் வந்துவிட்டது.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் அப்போது ஒரு பொறியியல் கல்லூரி இருந்தது. நான் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர், இன்னும் நிரந்தரமாகாதவன். மெர்சி எங்கள் ஆய்வக உதவியாளர், அச்சன்புதூர்க்காரர், டிப்ளமோ படித்தவர். என் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள் இருந்ததால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நான் நம்பிய காலம்.

தாளாளரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். எங்கோ எதையோ பார்த்துவிட்டு வந்து, “காலேஜ் டேயில நம்ம பிளேன் பறந்து வந்து சீஃப் கெஸ்ட் தலையில பூப் போடணும், கேட்டீரா?” என்றார். கேட்காமல் என்ன செய்வது? என் வேலை அந்தப் பூவில் தொங்கிக்கொண்டிருந்தது.

குற்றாலத்தில் சீசன் நேரம். ஈரக் காற்றில் மரத்தகடு ஊறி, ரட்டரின் கீல் இறுகிவிடும். வெயில் வந்தால் தளர்ந்துவிடும். ரட்டரைத் தள்ளி இழுக்கும் கம்பியை எத்தனை முறை வளைத்தேன் என்று கணக்கில்லை. இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் மெர்சிதான் கண்டுபிடித்தார். “சார், கம்பி சன்னமா இருக்கு, ஓட்டை பெருசா இருக்கு. அதான் லொடலொடன்னு ஆடுது.” தடித்த கம்பி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து மாட்டினார். ரட்டர் நடுவில் வந்து நின்றது. எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் அதிகம். இரண்டு பட்டங்கள் அல்லவா!

விழாவன்று காலை மைதானத்தில் கடைசியாக ஒரு முறை சோதித்தேன். விமானத்துக்கு முன்னால், மூக்கைப் பார்த்தபடி நின்று குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். ரட்டர் இடப்பக்கம் போனது. தலைகீழாக வேலை செய்கிறதே என்று பதறி, திசையை மாற்றும் ஸ்விட்சைத் தட்டிவிட்டேன்.

மெர்சி பக்கத்தில் நின்றார். “சார், முன்னாடி நின்னு பாக்கீங்க. வால் பக்கம் போயி நின்னு பாருங்க.”

“எனக்குத் தெரியும் மெர்சி.”

விமானம் எழும்பியது. மேடைப் பக்கம் திருப்ப வலப்பக்கம் தள்ளினேன்; இடப்பக்கம் போனது. இன்னும் தள்ளினேன், இன்னும் போனது. கூட்டம் குனிய, பந்தலை உரசிக்கொண்டு போய் வண்டிகள் நிறுத்துமிடத்தில் விழுந்தது. பூ விழவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அண்ணாச்சியின் காரின் மேல் விழுந்தது.

“யாரு வே இதச் செட் பண்ணுனது?” என்றார் அண்ணாச்சி.

“மெர்சிதான் சார்” என்றேன்.

அது பொய்கூட இல்லை. செட் பண்ணியது மெர்சிதான், சரியாக. கெடுத்தது நான். மெர்சி என்னை ஒரு முறை பார்த்தார். உடைந்த துண்டுகளைப் பொறுக்கப் போனார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். உடைந்த விமானத்தை ஒட்டிக்கொண்டே இரண்டு மாதத்தைக் கடத்தினேன். பசை வாடையில் உட்கார்ந்திருந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை. கடைசியில் அண்ணாச்சியிடம் போய் உண்மையைச் சொன்னேன். “இப்ப வந்து சொல்லுதீரு! அந்த எடத்துக்கு வேற ஆளு போட்டாச்சு. போயி கிளாஸப் பாரும்” என்றார், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு அச்சன்புதூர் பஸ் ஏறினேன். மெர்சி வாசலில் நின்றார். தென்காசியில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலைக்குப் போவதாகச் சொன்னார்.

“ஸ்விட்ச மாத்துனது நான்தான் மெர்சி.”

“தெரியும் சார். நான் பக்கத்துலதான நின்னேன்.”

“அண்ணாச்சிகிட்டயும் சொல்லிட்டேன்.”

“எப்போ?”

“முந்தாநேத்து.”

சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. “எங்கம்மா நான் கவனமில்லாம வேலயத் தொலைச்சுட்டேன்னு இன்னும் ஏசுதா. உள்ளதான் இருக்கா. அவகிட்டச் சொல்லுங்க.”

அண்ணாச்சியிடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மா முழுக்கக் கேட்டார். மகளைப் பார்த்து, “சொல்லிருக்கலாம்லாட்டி” என்றார். என் பக்கம் திரும்பாமல் மறுபடி அரிசியைப் புடைக்கத் தொடங்கினார்.

கார் நெல் அறுப்பு முடிந்து வீட்டுக்குப் பின்னால் வயல் காலியாகக் கிடந்தது. மெர்சி என்னை வாலுக்குப் பின்னால் நிறுத்தி, ரட்டர் எந்தப் பக்கம் போகிறது என்று என் வாயால் சொல்ல வைத்தார். வலம், இடம், வலம். பிறகு பறக்கவிட்டார். விமானம் மலையைப் பார்த்து நேராகப் போய், ஒரு பெரிய வட்டம் போட்டு, அவர் காலடிக்கே வந்து இறங்கியது.

“நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டா?”

“வேண்டாம் சார்.”

வருஷங்கள் ஓடிவிட்டன. கல்லூரி சேர்க்கை இல்லாமல் மூடப்பட்டு, மைதானத்தில் மனைக்கற்கள் நட்டு, வீடுகளும் வந்துவிட்டன. அண்ணாச்சி காலமாகிவிட்டார். போன மாதம் வடகரைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், அப்படியே அச்சன்புதூருக்கும் போனேன். வயலில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். வீட்டை விற்றுவிட்டு மெர்சி குடும்பம் எங்கோ போய் வெகுநாளாயிற்றாம். எந்த ஊர் என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்களில் அண்ணாச்சி, மெர்சி, அவர் அம்மா என்று மூன்று பேரிடம் உண்மையைச் சொன்னேன்; மன்னித்துவிடு என்று மெர்சியிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றும்போது விலாசம் இல்லை.