மலை தெரியாத படம்

போன கிழமை என் மகள் ஒரு பழைய கமராவோடு வீட்டுக்கு வந்தாள். இணையத்தில் பார்த்து யாரிடமோ வாங்கினாளாம். அவளுடைய தோழிகள் எல்லோரும் இப்போது பிலிமில்தான் படம் எடுக்கிறார்களாம். "ஃபோன்ல எடுத்தா உடனே பாத்திட்டு டிலீட் பண்ணுறம் அப்பா. இதுக்கு வெயிட் பண்ண வேணும். ஐ லைக் தட்," என்றாள். தானே கண்டுபிடித்த விஷயம்போலச் சொன்னாள். நானும் முதன்முதலாகக் கேட்பவன்போலத் தலையாட்டினேன். பிள்ளைகள் ஒன்றைக் கண்டுபிடிக்கும்போது குறுக்கே போகக்கூடாது.

அவள் அந்தப் பக்கம் போனதும் மேசையில் இருந்த பிலிம் டப்பியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். உங்களுக்கும் அந்த மணம் தெரிந்திருக்கும். மருந்துக்கடை மணம் கொஞ்சம், புதுச் சப்பாத்தின் மணம் கொஞ்சம். எனக்கு மட்டும் அதோடு மீன் கட்லட் மணமும் சேர்ந்து வரும். அதற்குக் காரணம் பிரான்சிஸ் அண்ணை. வெயிலில் பிலிம் பழுதாகிவிடும் என்று அவர் தன்னுடைய வானில் ஐஸ் பெட்டிக்குள்தான் பிலிமை வைப்பார். கட்லட்டும் அதே பெட்டிக்குள்தான் இருக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் அவர் அவசரமாகப் பிலிம் மாற்றுவார். அந்தப் பக்கத்து விருந்தாளிகளுக்குப் பசி கிளம்பும்.

பிரான்சிஸ் அண்ணைக்கு அப்போது வார நாட்களில் மிசிசாகாவில் விமான நிலைய வேலை, சனி ஞாயிறு கல்யாணப் படப்பிடிப்பு. வெளிச்சம் பிடிக்க ஆள் வேண்டும் என்பதால் என்னையும் குகனையும் சேர்த்துக்கொண்டார். சம்பளத்துக்குப் பதிலாகப் படம் எடுக்கக் கற்றுத் தந்தார். குகன் என் வீட்டுக்காரன். சரியாகச் சொன்னால், வெக்ஸ்போர்ட்டில் குகனும் அவனுடைய அம்மாவும் இருந்த அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை எனக்கு வாடகைக்கு. அவரை நான் அன்ரி என்பேன். அவர் என்னை வாடகைக்காரன்போல ஒருநாளும் நடத்தியதில்லை. குகனுக்கு விழும் பேச்சில் பாதி எனக்கும் விழும்.

எங்கள் கூட்டத்தில் நாலாவது ஆள் நிரஞ்சலா. பக்கத்துக் கடைத்தொகுதியில் ஒரு மருந்துக்கடை. அதன் பின்பக்கத்தில் படம் கழுவும் பகுதி. அங்கே வேலை செய்தாள். நாங்கள் எடுத்ததையெல்லாம் கழுவியவள் அவள்தான். என்னோடு அவள் பேசிய முதல் வார்த்தை இன்னும் நினைவிருக்கிறது. படப் பொதியைக் கையில் தந்துவிட்டு, "உங்கட படத்தில ஒருத்தருக்கும் தலை இல்லை," என்றாள். அதில் கேலி இல்லை. வைத்தியர் நோயைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு பார்த்தால் எங்கள் மூவரையும்விட அவள்தான் நன்றாக எடுப்பாள். குகனைவிட நாலைந்து வயது மூத்தவள். கல்யாணம் முடித்து, அது சரிவராமல், தனியாக இருந்தாள். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் இதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள்.

இலையுதிர்காலத்தில் மலைக்குப் போவோம் என்று தொடங்கியவர் பிரான்சிஸ் அண்ணை. அமெரிக்கப் பக்கத்து மலைகள்தான் கிட்ட. ஆனால் எங்களில் இரண்டு பேரிடம் எல்லை தாண்டும் பத்திரம் இல்லை. ஆகவே கியூபெக்கில், மொன்றியலுக்கும் வடக்கே, லோரன்சியன் மலைகள் என்று முடிவாயிற்று. ஒக்ரோபர் மாதத்து நீண்ட வார இறுதி. பிரான்சிஸ் அண்ணை ஒரு மரவீட்டை வாடகைக்கு எடுத்தார்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் அன்ரிக்கு முகம் மலர்ந்தது. குகனுக்குப் பெண் பார்த்துக் களைத்துப்போயிருந்தார். லண்டனுக்கும் கொழும்புக்கும் சுவிசுக்கும் போன அவனுடைய படம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. குறை குகனில் இல்லை, படத்தில்தான். அது அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த படம். அதைப் பார்த்துக் கனடா அரசாங்கம் இரங்கியது. பெண் வீட்டார் இரங்கவில்லை.

"தம்பி, உவனை ஒரு வடிவான படம் எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றார் அன்ரி என்னிடம். "பின்னால மலை தெரிய வேணும். கோட்டும் போட வேணும்."

இப்படியாக, மலையேறப் போன கூட்டத்தோடு ஒரு சாம்பல் நிறக் கோட்டும் வந்தது. ஒஷாவாவைத் தாண்டி, கிங்ஸ்ரனைத் தாண்டி, வழி முழுக்க அது வானின் பின் யன்னலில் தொங்கிக்கொண்டு ஆடியது. ஐந்தாவது ஆள் ஒருவர் எங்களோடு பயணம் செய்வதுபோல இருந்தது.

போய்ச் சேர்ந்தால் மலையைக் காணவில்லை. பனிப்புகார் மூடிக் கிடந்தது. வீட்டுக்கு முன்னால் நின்ற சிவப்பு மரம் தெரிந்தது, அதற்குப் பின்னால் உலகம் முடிந்துவிட்டிருந்தது. சாவி தர வந்த மனுசி கையை நீட்டி ஒரு பக்கத்தைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மலை அங்கே இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள். நாங்களும் நம்பினோம்.

அடுத்தநாள் காலை தூறலுக்குள் குகனைக் கோட்டோடு வெளியே நிறுத்தினோம். நல்லாகக் கதைப்பவன், வேலையிடத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன், கமராவைக் கண்டால் மட்டும் பல்வைத்தியரிடம் போனவன்போல ஆகிவிடுவான்.

"சிரி குகன்," என்றார் பிரான்சிஸ் அண்ணை.

"சிரிச்சுக்கொண்டுதானே அண்ணை நிக்கிறன்."

"உது சிரிப்போ?"

அவர் ஒரு முழுப் பிலிமையும் அந்தக் கோட்டிலேயே முடித்தார். குகனுக்குச் சிரிப்பு இவ்வளவு கஷ்டப்பட்டு வரும் என்று தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு பிலிம் கொண்டுவந்திருப்பார். நானும் எடுத்தேன். தலை விழவேண்டும் என்ற கவனத்தில் கொஞ்சம் மேலே உயர்த்தியதில், என் படங்களில் குகனின் தலையும் நிறைய வானமும் விழுந்தன. நிரஞ்சலா எடுக்கவில்லை. கூரையின் கீழே நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டு, "விடுங்கோவன், பாவம், நனையிறார்," என்றாள்.

அதற்கடுத்த நாளும் மழை. பாண் முடிந்துவிட்டது. குகன் சாரத்தைக் கட்டிக்கொண்டு, "நான் புட்டு அவிக்கிறன்," என்று எழும்பினான். அன்ரி மாவைக் கட்டித் தந்திருந்தார், புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைத் தர மறந்துவிட்டார். ஒரு பானையின் வாயில் துணியைக் கட்டி, அதில் மாவைப் போட்டு, சாப்பாட்டுக் கோப்பையால் மூடி ஏதோ வித்தை காட்டினான். குசினி முழுக்க ஆவி. வெளியே நின்ற புகார் உள்ளே வந்துவிட்டது என்று பிரான்சிஸ் அண்ணை சொன்னார். குகனின் மூக்குக்கண்ணாடி மூடிப்போயிற்று. அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து பானையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நிரஞ்சலா கமராவோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். "குகன், மாவுக்கு உப்புப் போட்டனீங்களோ?"

குகன் நிமிர்ந்தான். உப்புப் போடவில்லை என்பது அந்தக் கணத்தில்தான் அவனுக்குத் தெரிந்தது. கண்ணாடியில்லாமல் அவனுக்கு எதிரில் நிற்பவரின் முகம் சரியாகத் தெரியாது. குரல் வந்த பக்கத்தைப் பார்த்தான். அவள் அழுத்தினாள். ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பிறகு நாலு பேரும் உப்பில்லாத புட்டை, சம்பலைக் கூடப் போட்டுச் சாப்பிட்டோம்.

புறப்பட்ட காலையில், வான் மேட்டில் ஏறும்போது திடீரென்று புகார் விலகியது. பிரான்சிஸ் அண்ணை தெருவோரத்தில் நிறுத்தினார். ஒரு மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக, நனைந்துபோய், வெயிலில் நின்றன. ஒருவரிடமும் பிலிம் மிச்சமில்லை. இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். குகனும் நிரஞ்சலாவும் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். நான் அவர்களைக் கவனிக்காமல், கட்லட் மிச்சமிருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். இப்படிப்பட்ட ஆளிடம்தான் நீங்கள் கதை கேட்கிறீர்கள்.

படங்கள் வர ஒரு கிழமைக்கு மேல் ஆயிற்று. மற்ற நேரமென்றால் நிரஞ்சலா மறுநாளே கழுவித் தந்துவிடுவாள். மெசின் பழுதாக்கும் என்று நினைத்தேன். பொதியை நான்தான் வாங்கிவந்து அன்ரியிடம் கொடுத்தேன். குகன் வேலையில் இருந்தான். அன்ரி சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, படங்களைச் சீட்டுப் போடுவதுபோலப் பரப்பினார். கோட்டுப் படங்களில் இரண்டைத் தெரிவுசெய்து வைத்தார். "பரவாயில்லை. மலைதான் தெரியேல்லை," என்றார்.

பிறகு குசினிப் படம் கைக்கு வந்தது. சாரம், நெற்றியில் கண்ணாடி, ஆவி. எனக்குச் சிரிப்பு வந்தது. அன்ரி சிரிக்கவில்லை. யன்னலடிக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"உது ஆர் எடுத்தது?"

"நிரஞ்சலா."

"ம்," என்றார். சாமித்தட்டின் கீழ் இருந்த லாச்சியை இழுத்து அந்தப் படத்தை மட்டும் அதற்குள் வைத்தார். "உதைப் பற்றி அவனிட்டக் கதையாதை தம்பி."

கோட்டுப் படம் பாரிசுக்குப் போயிற்று. இந்த முறை திரும்பி வரவில்லை. பெண் வீட்டாருக்குப் பிடித்துவிட்டது, பேசலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள். எத்தனை வருடம் காத்திருந்த செய்தி. அன்ரி பாயசம் வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. குகனிடம் கேட்டார். "உங்கட விருப்பம் அம்மா," என்றான். தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். அன்ரி பாரிசுக்கு மறுமொழி சொல்லாமல் நாளைக் கடத்தினார். தொலைபேசி அடித்தால் எடுக்க என்னைத்தான் அனுப்பினார்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்தப் பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லு. என்னை ஒரு படம் எடுக்க வேணும். குகன் இல்லாத நேரமாப் பாத்து வரச் சொல்லு."

நிரஞ்சலா ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தாள். அன்ரி நல்ல சேலை கட்டி, கதிரையை யன்னலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்தில் நின்றேன், முகத்தில் வெளிச்சம் விழுவதற்கு. நிரஞ்சலா கிட்ட வந்து அன்ரியின் தோளில் சேலையைச் சரிசெய்தாள். சரிசெய்த மடிப்பையே திரும்பவும் சரிசெய்தாள். எனக்குத் தெரிந்தது என்றால் அன்ரிக்குத் தெரியாமல் இராது.

"உனக்கு எத்தினை வயது பிள்ளை?"

"முப்பத்தேழு அம்மா." தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஒருக்கா கலியாணம் முடிச்சனான். சரிவரேல்லை," என்றாள்.

"தெரியும். எடு."

அவள் எடுத்தாள். ஒன்றிரண்டுதான். பிறகு அன்ரி எழும்பிப்போய் லாச்சியைத் திறந்து, அந்தப் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"இதில அவன் பாக்கிறது கமராவை இல்லை."

நிரஞ்சலா படத்தைப் பார்க்கவில்லை. அன்ரியைத்தான் பார்த்தாள். "ஓம் அம்மா. கழுவேக்கயே கண்டனான்."

"கண்டிட்டும் ஏன் பொதிக்குள்ள வைச்சனி? எடுத்து வைச்சிருக்கலாமே."

"ஒரு கிழமை எடுத்துத்தான் வைச்சிருந்தனான்," என்றாள் நிரஞ்சலா. "பிறகு, நீங்களும் பாக்கத்தானே வேணும் எண்டு நினைச்சன்."

நான் விரிப்பைக் கீழே விடுவதா பிடித்துக்கொண்டு நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். அன்ரியின் முகம் எனக்குத் தெரியவில்லை. அவர் குசினிக்குள் போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். கோப்பைகளை எடுக்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தபடியே, யாருக்கென்று இல்லாமல் சொன்னார்: "பாரிசுக்கு நான் சொல்லுறன்." பிறகு, "பிள்ளை, தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு?" என்று கேட்டார்.

நிரஞ்சலா கதிரையில் உட்கார்ந்து அழுதாள். நான் விரிப்பை மடித்தேன். அவ்வளவு கவனமாக நான் ஒரு துணியையும் மடித்ததில்லை.

அன்று மாலை வேலையால் வந்த குகனிடம் அன்ரி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. பிரான்சிஸ் அண்ணை அவ்வளவு கேட்டும் வராத சிரிப்பு.

வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. வரமாட்டோம் என்று சொன்ன சொந்தக்காரர் சிலர் இருந்தார்கள். அன்ரி அவர்களை இரண்டாம் முறை கேட்கவில்லை. குகனும் நிரஞ்சலாவும் ஒஷாவாவுக்கு வீடு மாறியபோது அன்ரியும் அவர்களோடு போனார். மாமியும் மருமகளும் சண்டை பிடிக்காமல் இருந்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். பிடித்தார்கள், அதுவும் பெரும்பாலும் உப்பு விஷயத்தில். அன்ரி காலமாகி இப்போது இரண்டு மாரி கழிந்துவிட்டது. கடைசி நாட்களில் ஆசுபத்திரியில், மகனைவிட மருமகள் எங்கே என்றுதான் கூடக் கேட்டார்.

பிரான்சிஸ் அண்ணைக்கு முழங்கால் சரியில்லை. வான் போய்விட்டது. கல்யாணங்களில் இப்போது ஆளில்லாமல் பறக்கிற கமராக்கள் படம் எடுக்கின்றன. நாங்கள் இருந்த அடுக்குமாடியைப் புதுப்பித்து வாடகையை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள்.

அந்த மருந்துக்கடை மட்டும் இன்னும் இருக்கிறது. சென்ற மாதம் காய்ச்சல் தடுப்பூசி போட அங்கே போனேன். படம் கழுவிய இடத்தில் இப்போது நாலு கதிரையும் ஒரு திரைச்சீலையும். ஊசி போட வந்த பிள்ளை, அந்தப் பக்கம் பாருங்கோ அங்கிள் என்றாள். பார்த்தேன். வெறும் சுவர். அதனடியில்தான் படம் கழுவும் மெசின் நின்றது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழும். நிரஞ்சலா அடுக்கித் தட்டி உறையில் போட்டுத் தருவாள். அப்போதுதான் வந்த படம் கையில் இளஞ்சூடாக இருக்கும். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும். அதனால் நாங்கள் எல்லோரும் அங்கேயே, கடை வாசலில் நின்றபடியே, உறையைப் பிரிப்போம்.