இரண்டு பேருக்கு ஒரு டைப்ரைட்டர்

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு ஏழாம் வகுப்பில் வந்தது. மழை பெய்யாத நாளைக்கூடத் தேதி போட்டு ‘மழை இல்லை’ என்று எழுதி வைப்பேன். ஆனால் ப்ளஸ் ஒன் படித்த வருஷம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிப்ரவரியில் ஒரு வாரம் முழுக்க நான் எழுதியிருப்பது ஒரே வரிதான்: ‘மெஷின் அவள் வீட்டில்.’

மெஷின் என்றால் டைப்ரைட்டர். அவள் என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். எங்கள் தெருவைத் தாண்டினால் பள்ளிவாசல் தெரு. அங்கே அவள் வீடு. இராஜபாளையம் கடைவீதியில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். மாஸ்டர் இரண்டு பேருக்கு ஒரு மெஷின் ஒதுக்குவார். காலை ஆறிலிருந்து ஏழு வரை நான், ஏழிலிருந்து எட்டு வரை அவள். ‘லோயர்’ என்கிற முதல் நிலை அரசுப் பரீட்சையிலும் அப்படியே. அது ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும், மெஷினை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். முதல் பேட்ச் எழுதியவள் எழுந்ததும் அதே மெஷினில் இரண்டாம் பேட்ச் எழுதுபவள் உட்காருவாள்.

எங்கள் மெஷினுக்கு ஒரு கோளாறு உண்டு. வரி முடிந்து லீவரைத் தள்ளினால், காகிதத்தைச் சுமந்து ஓடும் கேரியேஜ் பாதி வழியில் நின்றுவிடும். கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் மீதி தூரம் போகும். இதற்கு எவ்வளவு பழகிவிட்டோம் என்றால், நல்ல மெஷின் கொடுத்தாலும் எங்கள் விரல் தட்டத்தான் போகும்.

அந்த மாதம், ஓர் ஊர்வலம் எந்த வழியாகப் போவது என்று தொடங்கிய தகராறு கல்வீச்சில் முடிந்தது. அவர்கள் பக்கம் ஒரு கடையும் எங்கள் பக்கம் ஒரு கடையும் எரிந்தன. 144 போட்டார்கள்; ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. தெரு முனையில் தடுப்பு வைத்து போலீஸ் உட்கார்ந்தது. மாடி ஜன்னலில் முதல் கல் விழுந்த அன்றே மாஸ்டர் மெஷின்களையெல்லாம் பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். அவளுடைய மாமாவிடம் தள்ளுவண்டி இருந்ததால் எங்கள் மெஷின் அவள் வீட்டுக்குப் போனது. மறுநாளிலிருந்து இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகவில்லை, அந்தப் பக்கத்து ஆள் இங்கே வரவில்லை.

நான் ஓர் அட்டையில் எழுத்துகளை வரைந்து வைத்துத் தட்டிப் பழகினேன். அட்டையில் தட்டினால் தப்பு தெரியாது. அதுதான் பயமாக இருந்தது.

“விட்டுத் தள்ளுட்டி” என்றாள் அம்மா. “ஆகஸ்ட்ல எழுதிக்கோ. பரீட்சை எங்க ஓடிப் போகுது?”

எனக்கு ஆகஸ்ட் இருந்தது. அவளுக்கு இல்லை. இந்த லோயரில் பாஸ் செய்தால் ப்ளஸ் டூ வரை படிக்கலாம், இல்லையென்றால் முழுப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்ப்பது என்று அவள் ‘அத்தா’ என்று கூப்பிடும் அப்பா சொல்லியிருந்தார். மெயின் ரோட்டுக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே வழி எங்கள் தெரு.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இரண்டு தெருவுக்கும் பால் ஊற்றுகிற தெலுங்கு அக்கா மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இந்தா அம்மாயி, அந்தப் பிள்ளை குடுத்துச்சு. முக்குல போலீஸ்காரரு வாங்கிப் பாத்தாரு. மேலயும் கீழயும் பாத்துட்டு, கவர்மெண்டு கடுதாசியான்னாரு. எனக்கென்ன தெரியும்? ஆமான்னுட்டேன்.”

பிரித்தேன். டைப் செய்த ஆங்கிலக் கடிதம். எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்தில் தெரிந்த கடிதம் ஒன்றுதான், பரீட்சைக்குப் பழகும் அலுவலகக் கடிதம். அவள் அதில் ஒன்றையும் விடவில்லை. வலது மூலையில் தேதி. அனுப்புநர், பெறுநர். பொருள்: டைப்ரைட்டர் ஒப்படைத்தல் தொடர்பாக. என்னை ‘ஐயா’ என்று விளித்திருந்தாள். ‘மேற்படி மெஷினைச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தங்கள் தந்தையுடன் நேரில் வந்து பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது. தங்கள் தந்தை வந்தால் என்னையும் அனுப்ப வாய்ப்புள்ளது. என் தந்தை பயப்படுகிறார்.’ கையெழுத்துக்குக் கீழே, ‘நகல்: யாருக்கும் இல்லை.’

மில்லிலிருந்து வந்த அப்பாவிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

“நீங்க ஒண்ணும் போக வேணாம்” என்றாள் அம்மா. “தெருவுல என்ன பேசுவாக?”

“பேசட்டும். அஞ்சு வருசமா அந்தப் பிள்ளை டிபன்ல பாதியை இவதான தின்னா? அன்னைக்குத் தெரு ஒண்ணும் பேசலயே?”

பரீட்சை நாளான சனிக்கிழமை காலை தடுப்புக்கு அருகில் போனதும் போலீஸ்காரர் எழுந்தார். “எங்க அண்ணாச்சி?”

“டைப் மெஷின் எடுக்கப் போறோம்.”

“ஆமா, கடுதாசி பாத்தேன். கவர்மெண்டு சாமான். நானும் வாரேன்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவளுடைய அத்தா வாசலிலேயே நின்றிருந்தார். மெஷின் கோணியில் சுற்றித் தயாராக இருந்தது. அவள் உள்ளே, கதவுக்குப் பின்னால்.

“பாய், பிள்ளைக ரெண்டும் எழுதட்டும்” என்றார் அப்பா. “கூடவே இருந்து கூட்டிட்டு வாரேன். நீங்களும் வாங்க.”

“அன்னைக்குக் கல் எறிஞ்சது உங்க தெரு ஆளுகதான், அண்ணாச்சி.”

“தெரியும். அதனாலதான் நானே வந்தேன்.”

அவள் அத்தா குனிந்து மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அப்பா மறுபக்கத்தைப் பிடித்தார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஹால் டிக்கெட்டோடு வெளியே வந்தாள்.

“நான் ஐயாவாட்டி?” என்றேன் காதோடு.

“புஸ்தகத்துல அம்மான்னா இருக்கு? பேசாம வா.”

போலீஸ்காரர் எங்களை எண்ணினார். “நீங்க நாலு பேரு, சரி. நானும் சேந்தா அஞ்சு. என்னையவே நான் பிடிக்கணும்” என்று சொல்லிப் பத்தடி தள்ளி நடந்தார்.

எங்கள் தெருவில் நுழைந்தோம். அப்பாக்கள் அடி எடுத்து வைக்கையில் மெஷின் குலுங்கி, கோணிக்குள் அதன் மணி டிங், டிங் என்றது. எங்களைக் கண்டதும் இரண்டு வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார்.

“பாய், கை மாத்துங்க. எம்புட்டுத் தூரம் தூக்குவீக?”

அவள் அத்தா தயங்கினார். அப்புறம் கொடுத்தார். போலீஸ்காரர் இந்த முறை எங்களை எண்ணவில்லை.

மெயின் ரோட்டில், மெஷின்களையும் பிள்ளைகளையும் ஏற்றிப்போக மாஸ்டர் பிடித்திருந்த வேன் நின்றது. மெஷினை ஏற்றி முடித்ததும் போலீஸ்காரர் என் தோழியைக் கூப்பிட்டார்.

“எம்மா, எந்த கவர்மெண்டு கடுதாசியில ‘எங்க அத்தா பயப்படுதாரு’ன்னு எழுதுவாக? எம் மவளும் லோயர்தான் எழுதுதா. போ, நல்லா எழுது.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் பேட்ச் எனக்கு. ஒரு வாரம் அட்டையைத் தட்டிய விரல்களுக்கு விசைகள் கல்லாகக் கனத்தன. எப்படியோ முடித்தேன். எழுந்திருக்கும் முன் மார்ஜினை அவள் வைக்கும் இடத்துக்கு நகர்த்தி வைத்தேன். வாசலில் ஒருவரை ஒருவர் கடந்தோம்; பேச அனுமதி இல்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் இரண்டு அப்பாக்களும் ஒரே செய்தித்தாளை ஆளுக்கு ஒரு தாளாகப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். மணி அடித்தது. அத்தனை மெஷின்களும் ஒரே நேரத்தில் இரைந்தன. அந்த இரைச்சலுக்குள் எங்களுடையதைத் தேடிக் கண்டுபிடித்தேன்: கேரியேஜ் பாதியில் நின்றது, ஒரு தட்டு, மீண்டும் ஓடியது. அடுத்த வரி. மறுபடியும் ஒரு தட்டு. முடியும்வரை அங்கேயே நின்று வரிகளை எண்ணினேன்.

இருவரும் பாஸ். அந்த ஜூனில் ப்ளஸ் டூ வகுப்பிலும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். நாட்குறிப்பில் அந்தச் சனிக்கிழமைக்கான பக்கத்தில் நான் எதையும் எழுதவில்லை. அவளுடைய கடிதத்தைத்தான் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் தேதி இருக்கிறது, வலது மூலையில், முறைப்படி.