கூடத்துச் சுவருக்கு ஒரு குட்டை அலமாரி

எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். அறுபதுகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. புதுக்கோட்டையில், வீதிகளுக்கெல்லாம் எண் வைத்த பகுதியில், மூன்றாம் வீதியில் எங்கள் வீடு. அந்த வீட்டுக் கூடத்தின் மேற்குச் சுவர் என்னைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. மேலே ஒரு கடிகாரம் தொங்கியது, கீழே ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூட வைக்காமல் இன்ச் டேப்பை எடுத்து அந்தச் சுவரை அளப்பேன். நேற்று அளந்த சுவர் இன்று வளர்ந்திருக்குமா என்ன? ஆனாலும் அளப்பேன். இருப்புக் கொள்ளாத பிறவி நான்.

காரணம் இருந்தது. நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததுபோக என் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வருஷம் சேர்த்திருந்தேன். அதில் ஒரே ஒரு பொருள் வாங்க வேண்டும், அது எனக்கு முன்னால் யார் கையும் படாததாக இருக்க வேண்டும். பிறந்த வீட்டில் நான் மூன்றாவது பெண். பெரியக்கா உடுத்திச் சின்னக்காவுக்குப் போய், அவளும் உடுத்திச் சாயம் போன பிறகுதான் தாவணி என்னிடம் வரும். சிலேட்டில்கூட வேறு யாரோ கீறிய பெயர் இருக்கும். அதையெல்லாம் நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளிக்கூட வேலையாகத் திருச்சி போயிருந்தபோது ஒரு கடையில் அதைப் பார்த்தேன். பீரோவைப் படுக்க வைத்தமாதிரி, இடுப்பளவு உயரத்தில் நீளமாக ஓர் அலமாரி. சாய்ந்த மெல்லிய கால்கள், வழுவழுவென்ற பலகை, பக்கவாட்டில் நகரும் இரண்டு கண்ணாடிக் கதவுகள். கடைக்காரர் அதை சைடுபோர்டு என்றார். நான் கதவை இங்கிட்டும் அங்கிட்டும் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் அவர் தொண்டையைச் செருமினார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் அதைப் பற்றியே பேசினேன். "கடைக்காரர்ட்ட கேட்டுட்டேங்க. இது வேற யாருக்கும் செஞ்சு வச்சதில்லையே, யாரும் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்ததில்லையேன்னு. புத்தம் புதுசாம்."

பக்கத்து இலையில் என் மாமனார் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அவரும் நானும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். அதனால் எல்லாச் செய்தியும் என் கணவர் வழியாகத்தான் போய்வரும். கணவர் வீட்டில் இல்லாவிட்டால் மாமனார் சுவர்க் கடிகாரத்திடம் பேசுவார். "காப்பி கிடைச்சாத் தேவலை" என்பார் கடிகாரத்திடம். "இந்தா கொண்டாரேன்னு சொல்லு" என்று நான் அடுப்படிக் கதவிடம் சொல்வேன். கணவர் தாலுகா ஆபீஸ் வேலையாகக் கீரனூர்ப் பக்கம் முகாம் போகும் நாட்களில் அந்தக் கடிகாரத்துக்கு ஓய்வே இருக்காது.

மாமனார் சமஸ்தானத்துக் காலத்துக் குமாஸ்தா. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது வேலையை விட்டு வீட்டுக்கு வந்தவர். அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அது ஏக்கம் என்று என் கணவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான், மாமனார் யாருக்குக் கீழே குமாஸ்தாவாக வேலை பார்த்தாரோ அந்தப் பெரிய அதிகாரியின் பங்களாச் சாமான்கள் ஊரில் விற்பனைக்கு வந்தன. கடைத்தெருவுக்குப் பின்னால் பழைய சாமான் வியாபாரி ஒருவரின் கிட்டங்கியில் எல்லாம் குவிந்து கிடந்தன. கணவர் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"நீ கேட்ட அதே குட்டை அலமாரி அங்க ஒண்ணு கெடக்கு. ஈட்டி மரம். சிங்கக் கால் வச்சுச் செதுக்கியிருக்கான். இந்தக் காலத்துல யாரு செய்றா?"

"அதே இல்லைங்க அது."

"பாக்காமலே சொன்னா எப்படி?"

போய்ப் பார்த்தேன். நான்கு பேர் சேர்ந்தால்தான் நகரும். இழுப்பறை பாதியில் மக்கர் செய்தது, திறந்தால் பழைய எண்ணெய் வாடை. மேல்பலகையின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கறை. யாரோ கொட்டிய மை, யாரோ சிந்திய எண்ணெய், யாரோ வைத்துப் பூட்டிய இழுப்பறை. மறுபடியும் அக்காவின் தாவணிதான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் மாமனார் அங்கே போக ஆரம்பித்தார். சாயங்காலம் நான்கரை ஆனால் செருப்பை மாட்டிக்கொள்வார். வியாபாரி என் கணவரிடம், "ஒங்கப்பா தினமும் வந்து வாசல்லயே நிக்கிறாரு. உள்ள வாங்கன்னாலும் வர்றதில்லை. அந்த அலமாரிய ஒரு பார்வை பாத்துட்டுப் போயிர்றாரு" என்று சொல்லியிருக்கிறார். கணவர் உருகிப் போய்விட்டார்.

"இருபது வருசம் பொழங்குன எடத்துச் சாமான். மனசு கேக்கலை அவருக்கு."

"அப்படின்னா கேளுங்களேன், வேணுமான்னு."

"மகன் சம்பாத்தியத்துலயே ஒண்ணு வேணும்னு கேட்டதில்லை. மருமக சம்பாத்தியத்துலயா வாயத் தொறந்து கேப்பாரு? கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாரு."

கணவர் கேட்கவில்லை, நான் கேட்க முடியாது. தினமும் நான்கரைக்கு அந்தச் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு முழுக்க முள் குத்துவதுபோல் இருக்கும். ஒரு சனிக்கிழமை திருச்சிக்கு பஸ் ஏறினேன். எப்படியாவது அந்தக் கண்ணாடிக் கதவு அலமாரிக்கு முன்பணம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். கீரனூரில் பஸ் நின்றபோது, கிட்டங்கி வாசலில் அந்த மனிதர் நிற்பது கண்ணுக்குள் வந்தது. இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். நல்ல மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கோபமாகத்தான் திரும்பினேன். "அந்தச் சிங்கத்தையே கொண்டாந்து கட்டிக்குங்க" என்று கணவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. மாமனார் நடையில் நின்றிருந்தார். அலமாரி வாசல்படி தாண்டி உள்ளே வந்ததும், அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பெரிய மனிதர்கள் முன்னால் நிற்கும்போது செய்வதுபோல. அவருக்கே தெரியாமல் கை அதைச் செய்தது. "எம்புட்டு மரியாதை பாரு" என்று கணவர் என் காதருகே சொன்னார். மாமனார் கடிகாரத்தைப் பார்த்து, "வந்துருச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார்.

அதற்குப் பிறகு அவர் கூடத்தில் உட்காரவே இல்லை. சாய்வுநாற்காலியைக் கொல்லைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விட்டார், சாப்பாடும் அங்கேதான். நான்கரை மணி நடையும் நின்றுபோனது. "ஆசை தீந்துருச்சுல்ல" என்றார் கணவர். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. ஆனால் யாரிடம் கேட்பது? அந்த எரிச்சலை எல்லாம் மைக்கறைமேல் காட்டினேன். தினம் வந்து அதைத் தேய்ப்பேன், கடலைமாவு போட்டும் சாம்பல் போட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அன்னவாசல் போயிருந்தார். நான் எலுமிச்சை மூடியில் உப்பைத் தொட்டு, முழங்கையால் பலகையை அழுத்திக்கொண்டு கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் தட்டியது. மாமனார் நின்றிருந்தார்.

"அது போகாது ஆத்தா" என்றார். "நான் அன்னைக்கே தொடச்சுப் பாத்துட்டேன்."

கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எலுமிச்சை மூடி என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

"அந்த அதிகாரி காலையில சாப்பிடுறப்பதான் பைல் எடுத்துட்டுப் போகணும். சாப்பிட்டுக் கை கழுவுற வரைக்கும் இதுக்குப் பக்கத்துல நிக்கணும். பைலு, மைக்கூடு எல்லாத்தையும் கையிலயே வச்சிருக்கணும். இது மேல வைக்கக் கூடாது, தட்டு வைக்கிற எடம். ஒரு நா கை கடுத்துப் போச்சு. மைக்கூட இந்த மூலையில வச்சேன், சாஞ்சிருச்சு. துண்டால தொடைன்னாரு. தொடச்சேன், போகலை. போற வரைக்கும் தினம் வந்து தொடைன்னுட்டாரு. வேலைக்காரவுக எல்லாம் பாத்துக்கிட்டு நிப்பாக. ஒரு மாசம் தொடச்சேன்."

நானும் வழக்கத்தை மறந்து நேராகவே கேட்டேன்.

"அப்புறம் ஏன் மாமா தினமும் அங்க போனீங்க?"

"யாராச்சும் வாங்கிட்டாங்களான்னு பாக்கத்தான். வெளியூர்க்காரன் எவனாச்சும் தூக்கிட்டுப் போயிட்டா நல்லதுன்னு."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்னைய யாரு கேட்டா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நான் அந்தச் சிங்கக் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காகப் பாதி, எனக்காகப் பாதி. நான் ஆசையை விட்டுக்கொடுத்து, அந்த மனிதரை அவர் வீட்டுக் கூடத்திலிருந்தே துரத்தியிருந்தேன். சாயங்காலம் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரமே அலமாரி வந்த வழியே போனது. வியாபாரி பாதி விலைதான் கொடுத்தார், அது போகட்டும். மறுபடி சேர்க்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சுவர் பழையபடி வெறுமையாக இருந்தது. நான் பழையபடி அளந்தேன். அதன் அடியில் மாமனார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார், கடிகாரத்திடம் காப்பி கேட்டார்.

பணம் சேர்ந்து திருச்சிக்குக் கிளம்பிய அன்று, "நானும் வாரேன்னு சொல்லு" என்றார் என் கணவரிடம். மூன்று பேரும் போனோம். நான் பார்த்து வைத்தது எப்போதோ விற்றுப்போயிருந்தது. அதேபோல் வேறொன்று இருந்தது, கண்ணாடியில் மட்டும் லேசாகப் பச்சை. எனக்குக் கை பரபரத்தது. ஆனால் மாமனார் என்னை முந்திக்கொண்டு கதவை இங்கிட்டும் அங்கிட்டும் தள்ளிப் பார்த்தார். குனிந்து மேல்பலகையின் நான்கு மூலைகளையும் தடவினார். பிறகு கடைக்காரரிடம் கேட்டார்.

"இது வேற யாருக்கும் செஞ்சு வச்சதில்லையே? யாரும் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்ததில்லையே?"

இல்லைங்க என்றார் கடைக்காரர். மாமனார் மகன் பக்கம் திரும்பவில்லை, அந்தக் கடையில் கடிகாரமும் இல்லை.

"வாங்கிக்க ஆத்தா" என்று என்னிடமே சொன்னார்.