பாப்பாண்டவர் வரட்டும்

ஈரமான ரப்பர் விறகு எரியும்போது வரும் புகைக்கு ஒரு புளிப்பு மணம் உண்டு. அப்பா வேலை முடிந்து வந்து கழற்றி மாட்டும் சட்டையிலும், குளித்துத் துவட்டிய துண்டிலும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கென்று பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையிலும்கூட அந்த மணம் இருந்தது. கஹவத்தைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மரத்தில் வெட்டி எடுத்த ரப்பர் பாலை உறையவைத்து, தகடு தகடாக உருட்டி, புகையில் காயப்போடும் ‘பொகை ரூம்’ அப்பாவின் பொறுப்பில் இருந்தது. கூரை வழியே கசியும் புகையைத் தூரத்திலிருந்து பார்த்தே விறகு காய்ந்ததா ஈரமா, உள்ளே சூடு ஏறிவிட்டதா என்று சொல்லிவிடுவார் என்பதால், புகை விஷயத்தில் சூசை சொன்னால் சரி என்று தோட்டமே ஒத்துக்கொண்டிருந்தது. மற்ற விஷயங்களில் எங்கள் வீட்டில் அம்மா சொன்னால்தான் சரி.

அந்த வருஷம் ரோமாபுரியில் பாப்பரசர் இறந்துபோனார். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. எல்லாம் தெரியும் என்ற நினைப்பும் ஒன்றுமே பிடிபடாத குழப்பமும் ஒன்றாக இருக்கிற வயது. ‘பாப்பாண்டவர்’ என்றுதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சொல்வார்கள். ஆண்டவர் என்று பெயரிலேயே இருக்கும்போது அவர் எப்படிச் சாவார் என்பது என் முதல் குழப்பம். அம்மா மாலையில் ஜெபமாலை சொல்லும்போது பாப்பரசருக்காக என்று ஒரு பரலோக மந்திரம் உண்டு. செய்தி வந்த அன்று அந்த இடத்தில் வந்து திணறி நின்று, அப்பாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “பேரு தெரியாத பாப்பாண்டவருக்காக” என்று சொல்லி முடித்தார். பேர் தெரியாதவருக்காகச் சொன்ன ஜெபம் யாரிடம் போய்ச் சேரும் என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

குழப்பம் ஜெபத்தோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஸ்டெல்லா அத்தையின் கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டது.

ஸ்டெல்லா அத்தை அப்பாவின் ஒரே தங்கச்சி. அவள் தவழும் பருவத்திலேயே தாய் இறந்துபோக, அப்பாதான் குளிப்பாட்டி, தலைவாரி, தோளில் தூக்கிக்கொண்டு, விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் ‘பிரட்டு’க்குப் போய் வளர்த்தாராம். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோதும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனதாகவும், அம்மா வீட்டார் அவளைப் பிள்ளை என்று நினைத்து இரண்டாந்தாரமா என்று கேட்டதாகவும் அம்மா சொல்லிச் சிரிப்பார். அந்த அத்தையை, தோட்டத்தின் கீழ்ப்பிரிவான கீழ்க்கணக்கிலிருந்து பால் ஏற்ற லொறி கொண்டுவரும் சிவக்குமார் மாமாவுக்குக் கேட்டு வந்திருந்தார்கள். அவர்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். வேதக்காரப் பெண்ணுக்கு வேறு சமயத்து மாப்பிள்ளை என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும், அது வந்தால்தான் கோயிலில் வைத்துக் கல்யாணம் என்பது எல்லோருக்கும் தெரியும். மேலிடம் எது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது.

பொங்கல் முடிந்து அவர்கள் கேட்டு வந்தபோது, “தவக்காலம் முடியட்டும்” என்றார் அப்பா. முடிந்ததும், “பாஸ்கு முடியட்டும்” என்றார். உயிர்த்த ஞாயிறான பாஸ்கும் முடிந்தது, பாப்பரசர் இறந்தார். அப்பா உடனே, “பாப்பாண்டவர் வரட்டும். இப்ப யாரு கையெழுத்து வைப்பா?” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் தோட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை மாற்றலாகிப் போய், புதுத் துரை வரத் தாமதமாகி, தோட்டமே அந்தரத்தில் நின்றது. கூரைத் தகரம் கேட்டாலும், லீவு கேட்டாலும், தொட்டிக்குக் குழாய் கேட்டாலும் ஆபீசில் பெரிய கிளாக்கர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: “துரை வரட்டும்.” எங்கள் வீட்டுக் கூரை அந்த மழை முழுக்க ஒழுகியது. துரை இல்லாத தோட்டத்தில் ஒரு தகரம்கூட அசையாது என்று பட்டுத் தெரிந்தவர்களுக்கு, பாப்பரசர் இல்லாத திருச்சபையில் ஒரு கல்யாணம் நடக்காது என்பதை விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவக்குமார் மாமாவின் தாயார்கூட நியாயந்தான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆனால் அவர் போனபின் யோசித்திருக்கிறார். இரண்டு நாளில் திரும்ப வந்து, “அதெல்லாஞ் சரிங்கண்ணே, வர்ற ஆளு கண்டிப்பானவரா இருந்து, மாட்டேன்னுட்டாருன்னா எங்க புள்ள கதி என்னாங்க?” என்று கேட்டார். வருஷப்பிறப்பு முடிந்த கையோடு பதில் தெரியாவிட்டால் பெல்மதுளைப் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, பார்த்துவிடுவோம் என்றும் தன்மையாகச் சொன்னார். அத்தை உள்ளே ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அந்த ரொட்டி கருகியது.

அன்றிலிருந்து அடுத்த பாப்பரசர் யார் என்பது எங்கள் லயத்துக்கு உலகச் செய்தியாக இல்லாமல் வீட்டுக் காரியமாகிவிட்டது. பால் நிறுக்கும் இடத்தில், குழாயடியில், சந்திக் கடையில் எங்கும் அதே பேச்சு. புதுத் துரை வருமுன் எப்படி விசாரிப்பார்களோ அப்படியே விசாரித்தார்கள்: கத்துகிற ஆளா, கேட்டால் கொடுக்கிற ஆளா, கீழேயிருந்து மேலே வந்தவரா, பிறக்கும்போதே பெரிய இடமா. ஒரு கறுப்பு மனிதர் வருவாராம் என்று கங்காணி சொன்னார். கஷ்டம் தெரிந்த ஆள், நிச்சயம் அனுமதி கொடுப்பார் என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். சந்தியில் கடை வைத்திருந்த பாயிஸ் நானா பேப்பர் பார்த்து இந்தியாவிலிருந்து ஒருவர் வரலாம் என்றார். நம்ம பக்கத்து ஆள் என்றால் சாதி கேட்பாரே என்று பாதிப்பேர் பயந்தார்கள். விபூதி பூசிய பெரியவர்கள்கூட, நல்ல பாப்பாண்டவராக வரவேண்டுமென்று எங்கள் அத்தைக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார்கள். எனக்கோ, கொழும்பிலிருந்து கம்பனி அனுப்புகிற துரையைப்போல் இல்லாமல், வயதான மனிதர்களை ஓர் அறையில் பூட்டி வைத்து நீங்களே ஒருவரைத் தெரிவு செய்யுங்கள் என்றால் அவர்கள் சண்டை பிடிக்காமல் எப்படி இருப்பார்கள் என்று புரியவேயில்லை. பூட்டியது யார், சாவி யாரிடம் என்று அப்பாவைக் கேட்டேன். அவர், “அவ போற எடத்துல ஞாயித்துக்கெழம மணிச் சத்தம் கேக்குமா?” என்றார். அது என் கேள்விக்குப் பதிலில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வருஷப்பிறப்பு போயிற்று. பெல்மதுளைப் பேச்சு பலத்தது. ஒருநாள் பின்னேரம் பாயிஸ் நானாவின் கடையில் இருந்த டிவியில் புகைக்கூண்டைக் காட்டுகிறார்கள் என்று சத்தம் வர, வேலை முடிந்தவர்கள் எல்லோரும் கடைக்கு இறங்கினோம். வெள்ளைப் புகை வந்தால் பாப்பரசர் வந்தார், கறுப்பு வந்தால் இல்லை. சிவக்குமார் மாமா லொறியை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைக்கு வெளியே, யாரையும் பார்க்காதவர்போல நின்றார். அத்தை, பால் வாளியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நின்றாள்.

கடைசியில் புகை வந்தது. அது வெள்ளையுமில்லை, கறுப்புமில்லை. அடுப்புச் சாம்பல் நிறம். டிவியில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தவரும், சுது துமத, களு துமத, வெள்ளைப் புகையா, கறுப்பா என்று தானே கேட்டுக்கொண்டு முழித்தார். கடையில் எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சூச அண்ணே, நீங்கதான் பொகக்காரரு. சொல்லுங்களேன்” என்றார் பாயிஸ் நானா.

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “கறுப்பு” என்றார்.

“வெள்ளண்ணே” என்றாள் அத்தை.

அத்தை அதுவரை நாலு பேர் முன்னால் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். அத்தை நகரவில்லை. “நல்லாப் பாத்து சொல்லுங்கண்ணே. வெள்ளதானே?” என்று, டிவியைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டு கேட்டாள். கெஞ்சுகிறாளா, அதட்டுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் முகம் வேர்த்திருந்தது. “கறுப்புதான் புள்ள” என்று மெதுவாகச் சொன்னார். சற்று நேரத்தில் டிவியும் கறுப்பு என்று உறுதி செய்தது. லொறி கிளம்பும் சத்தம் கேட்டது. தான் சொன்னது சரியாகிப்போனதற்கு அப்பாவைப்போல் வருத்தப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. கடையிலிருந்து லயம்வரை தலை நிமிராமலே நடந்தார்.

மறுநாள் காலை ரேடியோவில் புதுப் பாப்பரசர் வந்துவிட்டார் என்றார்கள். எங்கள் தோட்டத்தில் ஒருவரும் சொல்லாத பெயர். கண்டிப்பானவரா, தன்மையானவரா என்று விசாரிக்கவும் ஆளில்லை. அத்தை வழக்கம்போல் விடியுமுன்பே பால் வெட்டப் போய்விட்டாள். அப்பா வெறுந்தேத்தண்ணீரைக் குடிக்காமல் ஆறவைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, செருப்பு மாட்டி, வேலைக்கு எதிர்த் திசையில், சிவக்குமார் மாமா வீடு இருந்த கீழ்க்கணக்குக்கு இறங்கிப்போனார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் டவுன் கோயிலில் அப்பாவும் அத்தையும் பாதர் முன்னால் போய் நின்றார்கள், நானும் இருந்தேன். ரோமாபுரிக்குக் கடிதம் எழுதுவார், பதில் வர மாதக்கணக்காகும், புதியவர் மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதர் ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “வந்திட்டீங்களா? சரி, எந்தச் சனிக்கிழம தோது?” என்றார், அவ்வளவுதான். அப்பா ஒரு சனிக்கிழமையைச் சொன்னார். கல்யாணமும் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பட்டுவேட்டியில் வந்து, எப்போது எழும்புவது எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் எங்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். அனுமதி எப்போது வந்தது, யார் கொடுத்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கென்னவோ அந்தக் குழப்பம் தீரவேயில்லை.

இப்போது நான் ரம்புக்கனையில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா போய்ச் சில வருஷமாகிறது. புகையறை பூட்டிக் கிடக்கிறது. எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் ஆளில்லை, பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். அண்மையில் இன்னொரு பாப்பரசர் இறந்து, இன்னொருவரைத் தெரிவு செய்யக் கூடியபோது, குருவிட்டையில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ஆசியாவிலிருந்து வருவாராம், ஆபிரிக்காவிலிருந்து வருவாராம் என்று போனில் ஆயிரம் பேர் ஆரூடம் சொன்னார்கள். ஆனால் யாருடைய காரியமும் அதற்காக நிற்கவில்லை. போனில் புகையைக் காட்டினேன். ஒருவரும் சண்டைபோட இடமில்லாத சுத்தமான கறுப்பு.

“அன்னைக்கும் கறுப்புதான்” என்றாள் அத்தை.

“நீங்க வெள்ளன்னீங்களே?”

“எனக்குத் தெரியாதா புள்ள? நானும் அந்தப் பொகையில வளந்தவதானே.” அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “தவக்காலத்துலயே நான் பாதர்கிட்டப் போயி கேட்டுட்டேன். அதுக்குப் பாப்பாண்டவர் எதுக்கு, நம்ம பிஷப்பே குடுப்பாருன்னாரு. பாஸ்குக்கு முன்னாடியே அனுமதி வந்திருச்சு.”

“அப்ப அதை அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமே அத்தே?”

“பாதர் அவருகிட்டதானே மொதல்ல சொன்னாரு. நாள் குறிச்சிட்டு வாங்கன்னு சொல்லியனுப்பியிருக்காரு.”

எல்லாம் தெரிந்துகொண்டே அண்ணனும் தங்கச்சியும் ஊரையே ரோமாபுரியைப் பார்க்க வைத்துவிட்டு, ஒரே வீட்டில், ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பெல்மதுளைப் பெண்ணைப் பேசி முடித்திருந்தால் அத்தை என்ன செய்திருப்பாள்? அப்பாவுக்குத்தான் எப்படி மனசு வந்தது? அதைக் கேட்டும்விட்டேன். தெரிந்திருந்தும் அப்பா ஏன் போ என்று சொல்லவில்லை?

“அவரு சொல்லாம நான் போக மாட்டேன்னு அவருக்குத் தெரியும் புள்ள” என்றாள் அத்தை. “அதான் சொல்லல.”

சொல்லிவிட்டு அழுதாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.